விண்வெளியிலிருந்து ஒரு குடும்ப ஆட்சி

உலக வரலாற்றில் விண்வெளியிலிருந்து ஆளப்படும் முதல் குடும்பம் காயல்பட்டினத்தில், எங்கள் அடுத்த வீட்டில் இருக்கிறது. இந்தப் பெருமையை அரசாங்கம் இன்னும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் மாடி அவர்கள் மாடியைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான்.

ஆள்பவர் காஜா முஹ்யித்தீன், துபாயில் இருக்கிறார். ஆளப்படுபவர்கள் அவர் மனைவி முத்து பீவியும் மகள் ரிஃப்காவும். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை கல்யாணத்தன்று வந்து சேர்கிறவர். வந்து சேர்ந்த வீட்டில் தங்காமலே அதை ஆளுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

கம்பி இணையம் ‘நம்பத்தகுந்ததல்ல’ என்று மொட்டை மாடியில் சாட்டிலைட் தட்டு ஒன்றை வைக்கச் செய்தார். அதன் வழியாக அவர் பார்க்க, கீழே கேமராக்கள். தினமும் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு டிவியில் அவர் முகம் உதிக்கும். ‘குடும்ப ஆலோசனைக் கூட்டம்’ தொடங்கும். ஆலோசனை அவருடையது, கூட்டம் இவர்களுடையது.

“என்ன மீன் வாங்குன?”

“சீலா.”

“விளமீன்தானே சொன்னேன்.”

“இனிமே கொண்டுபோய்க் கடல்லயா விட முடியும்?” என்பார் முத்து பீவி. அந்தக் கேள்வி ‘பரிசீலனையில்’ வைக்கப்படும்.

கார் ஷெட்டில் உறை போர்த்திய வெள்ளைக் கார் ஒன்று நிற்கிறது. லீவுக்கு வந்தால் ஓட்டுவதற்காக வாங்கியது. கார் வந்துவிட்டது, லீவு வரவில்லை. ரிஃப்காவுக்குத் தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பஸ்ஸை நம்பினால் முதல் மணிக்குப் போய்ச் சேர முடியாது. திங்கட்கிழமை சேராவிட்டால் அந்த வேலை வேறொருவருக்கு.

“வாப்பா, லைசென்ஸ் இருக்கு. காரை எடுத்துக்கட்டுமா?”

“நான் வந்து பக்கத்துல இருந்து சொல்லித் தாரேன். அதுவரைக்கும் உறையில கை வைக்கப்பிடாது.”

“எப்ப வருவிய?” என்றார் முத்து பீவி.

“அது இன்னைக்கு அஜெண்டாவுல இல்ல.”

அந்நேரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நீட்டிய விரலோடு காஜா முஹ்யித்தீன் திரையில் உறைந்து, பிறகு காணாமல் போனார். கனமழைக்கு சிக்னல் தாங்காது என்று தட்டு மாட்ட வந்தவர் முன்பே எச்சரித்திருந்தார். அதை ஒரு குறையாகச் சொன்னார், பாவம். மழை வெறித்ததும் தலைவர் அதே விரலோடு திரும்பி வந்தார். “எங்க விட்டேன்?”

முத்து பீவி மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை கண் கூசும் வெயில். நான் துணி காயப்போட ஏறினேன். எதிர் மாடியில் முத்து பீவி, தட்டின்மேல் கனத்த ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஏளா முத்து, என்ன பண்ணுத?”

“மழைக்காலம்லா, லாத்தா.” எங்கள் ஊரில் அக்காவுக்கு லாத்தா என்று பேர்.

டிவியில் லைன் போனது உறுதியானதும் ரிஃப்கா கார் உறையை உருவி மேலே கொடுத்துவிட்டுப் போனாள். ஈரம் காயாமல் இருக்க, அதையும் ஜமுக்காளத்தின் மேல் போர்த்தினார் முத்து பீவி. கீழே கார் ரெண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் தெருவைத் தாண்டியது.

உடனே என் செல்போன் அடித்தது, துபாயிலிருந்து.

“லாத்தா, வீட்டுல லைன் போயிட்டு. அங்கன மழையா?”

நான் வானத்தைப் பார்த்தேன். பஞ்சளவு மேகம்கூட இல்லை. முத்து பீவி வாளியும் கையுமாக என்னைப் பார்த்தார்.

“ஊத்துது தம்பி.”

“என் போன்ல வெயில்னுலா காட்டுது?”

“சந்தேகம்னா நேர்ல வந்து பாருங்க, தம்பி,” என்றேன். “ரெண்டு பெருநாளா அவளும் அதைத்தான் கேக்கா.”