ஜீப் வேண்டாம் மச்சான், ஊஞ்சல் படிஞ்சிருச்சு

கொழிஞ்சாம்பாறை,
வெள்ளிக்கிழமை, சந்தை இல்லாத நாள்.

பாசமும் மரியாதையும் மிக்க பெரிய மச்சான் செல்லத்துரை அவர்களுக்கு, உங்கள் தங்கை ராமலட்சுமியைக் கட்டியதால் உங்களுக்குப் பயப்படும் பாக்கியம் பெற்ற மாப்பிள்ளை பூபதிராஜா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கச்சி, எங்கள் பொண்ணு ஜானவி, மாடுகள், புதுக் கன்று எல்லோரும் சௌக்கியம். காந்தலூரில் நீங்கள், அக்கா, பூண்டு, கேரட், ஆப்பிள் மரங்கள் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். முதல் காரியம், ஓணம் லீவுக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு வர வேண்டாம். ஏற்கெனவே கிளம்பியிருந்தால் மறையூரிலேயே திருப்பிவிடுங்கள். கிளம்பிவிட்டவருக்கு இந்தக் கடிதம் எப்படிக் கிடைக்கும் என்று உங்கள் தங்கச்சி இப்போது பக்கத்தில் நின்று கேட்கிறாள். அதுவும் சரிதான், ஆகையால் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். மச்சான், நான் மாட்டுத் தரகன். பொள்ளாச்சிச் சந்தையில் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக்குப் பேசிப் பழகிய தொண்டை இது. சந்தோஷம் வந்தால் இன்னும் ஏறும். இப்போது எனக்கு வந்திருக்கும் சந்தோஷத்துக்குப் பேச ஆரம்பித்தால் காந்தலூருக்குப் போன் இல்லாமலே கேட்கும். ஆனால் வீட்டில் சத்தம் கூடாது என்று ஜானவியின் டீச்சர் உத்தரவு. நான் குரலை ஏற்றினால் ஜானவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். அதனால் தொண்டையில் இருப்பதை எல்லாம் பேனாவில் இறக்குகிறேன். வாட்ஸப்பில் அனுப்பினால் நீங்கள் உடனே குடும்பக் குரூப்பில் போட்டுவிடுவீர்கள்.

போன மாதம் நான் போனில் அழுதது உங்களுக்கு நினைவிருக்கும். மறந்திருந்தாலும் அக்கா ஞாபகப்படுத்தியிருப்பார்கள். ஜானவிக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அவள் எப்போது பேசுவாள், எப்போது படிப்பாள் என்று ஊரே கேட்கிறது. எனக்கு இருந்த கவலை வேறு. பிரீ-பிரைமரியில் அத்தனை பிள்ளைகள் கூச்சல் போட்டு விளையாட, என் பொண்ணு மட்டும் ஜன்னல் ஓரத்தில் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள். இவளுக்கு ஒரே ஒரு கூட்டாளி கிடைப்பாளா என்பதுதான் மச்சான் என் நெஞ்சை அரித்தது. நீங்களும் மனசு பொறுக்காமல், "பாப்பாவை இங்க அனுப்பு மாப்ளே, ஆப்பிள் மரத்தடியில நிம்மதியா இருக்கட்டும், பள்ளிக்கூடமெல்லாம் ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்றீர்கள். நானும் சரி என்றேன். ஓணம் லீவு விட்டதும் ஜீப்பில் வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைத்தான் இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கூட்டாளி பிடிக்க நான் செய்யாத வேலை இல்லை. முதலில் பை நிறையக் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் ஓடி வந்தார்கள், மிட்டாயை வாங்கினார்கள், என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்க வகுப்பில் எல்லோருக்கும் கூட்டாளி நான்தான். ஜானவியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு பிறந்தநாள் வைத்தேன். பலூன், ஸ்பீக்கர், பெரிய கேக். பாட்டுப் போட்டதும் பிறந்தநாள்காரி மாட்டுக் கொட்டகைக்குள் போய்க் கன்றுக்குட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். எத்தனை கூப்பிட்டும் வரவில்லை. வந்த பிள்ளைகள் பசியில் சிணுங்க, கடைசியில் கேக்கை நானே வெட்டி, எனக்கு நானே ஊட்டிக்கொண்டு, போட்டோவும் எடுத்தாயிற்று. அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் நீங்கள் எனக்கு வாழ்த்து அனுப்பினீர்கள். அன்று என் பிறந்தநாள் இல்லை மச்சான்.

மறுநாள் கிருஷ்ணப்ரியா டீச்சர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கல்பாத்தியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், அதிர்ந்து பேச மாட்டார். "ஜானவி அப்பா, கொழந்தைக்குக் கூட்டு வேண்டாம்னு யார் சொன்னா? எல்லாரும் வெளையாடறச்சே அவ ஓரக்கண்ணால பாத்துண்டேதான் இருக்கா. எப்படி உள்ள நுழையறதுன்னு அவளுக்குத் தெரியலை. ஒரே சமயத்துல அத்தனை மூஞ்சி, அத்தனை சத்தம் தாங்கலை. ஒரே ஒரு கொழந்தை, ஒரே ஒரு வெளையாட்டு, தெனம் ஒரே எடம், கொஞ்ச நேரம். அதுலேர்ந்து தொடங்கலாம். அடுத்து என்ன நடக்கப்போறதுன்னு படமா ஒட்டிக் காட்டுங்கோ, அவ பயப்பட மாட்டா" என்றார். எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி புரிந்துவிட்டது. நல்ல ஒன்றாகப் பார்த்துப் பிடித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே! அது என் தொழில்தானே! நேரே வகுப்புக்குள் போய்ப் பிள்ளைகளை நிறுத்தி, நடையைப் பார்த்து, சுழியைப் பார்த்து, உதைக்குமா முட்டுமா என்று விசாரித்து, ஒரு பையனிடம் பல்லைக் காட்டச் சொல்லும்போது டீச்சர் வந்துவிட்டார். அதற்குள் சாதுவான ஒரு பையனை நான் தேர்ந்தெடுத்திருந்தேன். உட்கார வைத்துப் பார்த்தோம். அவன் பாயின் அந்தக் கோடியில் சாதுவாக இருந்தான், இவள் இந்தக் கோடியில் சாதுவாக இருந்தாள். நான் நடுவில் சாதுவாக இருந்தேன்.

டீச்சர் வேறு ஒருத்தியைக் காட்டினார். பெயர் டின்டு. அய்யோ மச்சான், அது வாய் இல்லை, ரேடியோ. காலையில் பள்ளிக்கூட கேட்டில் ஆரம்பித்தால் சாயங்காலம் பஸ் ஏறும் வரை நிறுத்த மாட்டாள். "ஏனுங்க டீச்சர், சத்தமே ஆகாத புள்ளைக்கு இவளையா?" என்று கேட்டேன். "தெனம் ஜன்னலோரத்துக்கு மூடி கொண்டுவந்து குடுக்கறது இவ ஒருத்திதான். நீங்க மிட்டாய் குடுத்த அன்னிக்கும் குடுத்தா. நீங்க கவனிக்கலை" என்றார் டீச்சர். நான் அன்றைக்கு மிட்டாய் எண்ணிக்கொண்டிருந்தேன், எங்கே கவனிப்பது?

இருந்தாலும் பள்ளிக்கூடத்து ஊஞ்சல் என்று ஒரு சிக்கல் இருந்தது. ஜானவி ஏறினால் இறங்க மாட்டாள். பின்னால் பிள்ளைகள் வரிசையில் நின்று அழும். யாராவது கயிற்றைத் தொட்டால் இவள் தள்ளிவிடுவாள். ஒருநாள் சந்தையிலிருந்து தோளில் துண்டோடு நேராக அவளைக் கூப்பிடப் போனேன். இவள் ஊஞ்சலில், வரிசையில் அழுகை, நான் கத்தவும் கூடாது. என்ன செய்வது என்று தெரியாமல் ஊஞ்சலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கை பழக்கம் மச்சான், என்னை அறியாமல் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டு, மாடு விற்க வந்தவனிடம் நீட்டுவதுபோல் நீட்டினேன். நாங்கள் வாயைத் திறந்து விலை சொல்வதில்லை, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். கை பிடிக்கவே விடாத பொண்ணு, மூஞ்சியைப் பார்த்தாலே திரும்பிக்கொள்கிற பொண்ணு, குனிந்து துண்டை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அவள் கை துண்டுக்குள் வந்தது. நான் இரண்டு விரலைப் பிடித்தேன், இரண்டு ஆட்டம் என்ற கணக்கில். அவள் உதறிவிட்டு என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள்! நான் மூன்று என்றேன். அவள் நான்கில் நின்றாள். நின்றாள் என்றால் அசையவில்லை. பேரம் படிந்தது. நான்கு ஆட்டம் ஆடினாள், இறங்கினாள், அடுத்த பையனிடம் ஊஞ்சலை விட்டாள். எப்படிக் கற்றாள் என்கிறீர்களா? கொட்டகையில் கூட்டுத் தரகன் கந்தப்பனும் நானும் துண்டு போட்டுப் பேசும்போதெல்லாம் இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதாக நினைத்திருந்தேன். அவள் பார்த்தது துண்டை. எனக்கு வந்த குஷியில், "படிஞ்சிருச்சுடோய்!" என்று சந்தைக் குரலில் ஒரு கத்துக் கத்தினேன். ஜானவி காதைப் பொத்திக்கொண்டு மறுபடியும் ஊஞ்சலில் ஏறிவிட்டாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் முதல் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஜானவியும் டின்டுவும் துண்டுக்கு அடியில் பேசி முடித்த பிறகுதான் ஆட்டம். எனக்கு எத்தனை, உனக்கு எத்தனை, முதலில் யார். துண்டு போட்டால் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. டின்டு உதட்டைக் கடித்துக்கொண்டு வாயை மூடியிருந்ததை வகுப்பே வந்து பார்த்தது. நானும் போனேன். வியாபாரம் என்றால் நடுவில் தரகர் இல்லாமல் எப்படி என்று இரண்டு பேருக்கும் நடுவில் போய் உட்கார்ந்து, "விட்டுக் குடு கண்ணு, நீயும் ஒண்ணு ஏறி வா" என்று ஆரம்பித்தேன். ஜானவி என் கையைத் துண்டிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். டீச்சர் மெதுவாக, "அவளுக்குத் தரகர் வேண்டாமாம். நீங்க வெளில நில்லுங்கோ" என்றார். வெளியே நின்று துடைக்கத் துண்டு இல்லாமல் சட்டையில் கண்ணைத் துடைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்த கலாட்டாவை உங்கள் தங்கச்சியைக் கேளுங்கள். வகுப்பு முழுக்கத் தரகர்கள். வீட்டுக்கு வீடு துண்டு காணாமல் போனது. பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா எழுந்து, "எம் பையன் குளிக்கச் சொன்னா துண்டைப் போட்டுக் கைய நீட்டறானுங்க, ஒரு சொம்புதான் ஊத்திக்குவானாமா" என்று புலம்பினார். இட்லிக்குத் துண்டு, தூங்குவதற்குத் துண்டு. துண்டு விளையாட்டுக்கு மட்டும் என்று டீச்சர் படம் வரைந்து ஒட்டிய பிறகுதான் ஊர் அடங்கியது.

இதெல்லாம் போகட்டும், இந்த வாரம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். டின்டுவுக்குக் காய்ச்சல், வரவில்லை. ஊஞ்சல் காலியாக இருந்தது, தள்ள ஆள் இல்லை, அழ ஆள் இல்லை. ஜானவி ஏறவில்லை. துண்டைக் கையில் போட்டுக்கொண்டு ஊஞ்சல் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். டீச்சர் போன் செய்தபோது, "மறுபடியும் பழையபடி ஆயிட்டாளுங்களா?" என்று கேட்டேன். "இல்லை ஜானவி அப்பா, காத்துண்டிருக்கா" என்றார். மச்சான், என் பொண்ணு ஒருத்திக்காகக் காத்திருந்தாள்! நேற்று டின்டு வந்து இறங்கியதும் இவளே போய் அவள் கையில் துண்டைப் போட்டு, "ஊஞ்சல்" என்று வாயால் கூப்பிட்டாளாம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் பொண்ணைப் பிரித்து ஆப்பிள் மரத்தடியில் வைத்தால் நான் மனுஷனா? கோபித்துக்கொள்ளாதீர்கள். இதற்கு மேல் ஜீப் என்ற பேச்சே வேண்டாம்.

அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகளுக்கு என் ஆசி. பூண்டு நல்ல விலைக்குப் போகட்டும், குரங்கு தோட்டத்துப் பக்கம் வராமல் இருக்கட்டும்.

என்றும் உங்கள் வார்த்தையைத் தட்டாத (இந்த ஒரு தடவை தவிர) மாப்பிள்ளை,
பூபதிராஜா

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் எழுதுகிறேன். டீச்சர் சொன்னபடி ஓணம் லீவுக்கு என்ன நடக்கும் என்று காட்ட உங்கள் ஜீப்பின் போட்டோவைச் சுவரில் ஒட்டியிருந்தேன். இனி எதற்கு என்று பிய்க்கப் போனேன். ஜானவி ஓடி வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, என் கையில் துண்டைப் போட்டாள். உள்ளே என் இரண்டு விரலைப் பிடித்தாள். "ரெண்டு நாளா கண்ணு?" என்றேன். இல்லை. "நானும் நீயுமா?" என்றாள் உங்கள் தங்கச்சி. இல்லை. நான் தொழில் புத்தியில் ஒரு விரலை மட்டும் நீட்டிப் பார்த்தேன், நீ மட்டும் போகிறாயா என்று. அதைத் தள்ளிவிட்டு மறுபடியும் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "டின்டு" என்றாள்.

படிந்துவிட்டது மச்சான். கொட்டகைக்குப் போய்க் கத்திவிட்டு வந்தேன், கன்று மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. டின்டுவின் அம்மாவும் சம்மதித்துவிட்டார். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு ஓணத்துக்கு மறுநாள் ஜீப்பைக் கொண்டு வாருங்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். ஹார்ன் அடிக்காதீர்கள். வழி நெடுக டின்டு பேசுவாள், உங்களுக்கும் ஒரு துண்டு தேவைப்படும். பின் சீட்டில் மூட்டை கீட்டை ஏற்றாதீர்கள், ரெண்டு பேருக்கு இடம் வேண்டும்.