எட்டாவது நாற்காலி

"சொல்லுங்கக்கா, ராத்திரி தூக்கம் வருதா?" என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள் வானதி. நாற்காலி வாயைத் திறக்கவில்லை. பரவாயில்லை என்று அடுத்த நாற்காலியிடம் போனாள்.

ஒத்திகைதான். புருஷனை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெண்களுக்கு ஆலோசனைக் குழு அமைக்கச் சொல்லி, தஞ்சாவூர் அறக்கட்டளை ஒன்று அவளைக் கூத்தாநல்லூருக்கு அனுப்பியிருந்தது. ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து எட்டு நாற்காலி போட்டாள். பத்து நாளாக ஒரு ஈ, காக்காகூட வரவில்லை.

"புருஷன் நெனப்புல தூக்கம் வரலன்னு ஊருக்கு முன்னாடி சொல்ல எவ வருவா?" என்றாள் டீ கொண்டுவரும் சைத்தூன் பீவி.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேலதிகாரி தியாகராசனைக் கூப்பிட்டால், அவர் அதற்கு மேல்.

"மாசக் கடைசிக்குள்ள ஏழு பேராவது சேரலன்னா இழுத்து மூடிட வேண்டியதுதாம்மா."

மூடினால் வேலை போகும். வேலை போனால் போக்கிடம் மாமியார் வீடு. அந்த அம்மாள் வாய்க்கு இந்த நாற்காலிகளே தேவலை.

வானதி யோசித்தாள். ஜன்னலை விரியத் திறந்து, தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒத்திகையைச் சத்தமாக நடத்தினாள். கூட்டம் களைகட்டுகிறது என்று நினைத்தாவது யாராவது எட்டிப் பார்க்கட்டுமே! பார்த்தார்கள். பார்த்தவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள்.

மறுநாள் பூட்டிய அறைக்குள் சாம்பிராணி மணந்தது.

வானதி உடனே பூட்டை மாற்றினாள். பெருக்க வசதியாக இருக்கட்டும் என்று முன்போலவே ஒரு சாவியை மட்டும் சைத்தூன் பீவியிடம் கொடுத்தாள். அதற்கு அடுத்த நாள் நான்கு மூலையிலும் ஈரம். எட்டாவது நாற்காலி மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"இந்த வீட்டப் பத்தி ஊர்ல ஏதாவது சொல்லுவாங்களா?"

"வீட்டப் பத்தி ஒண்ணும் இல்லம்மா" என்ற சைத்தூன் பீவி, அவளையே ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஏழு பெண்கள் சத்தமில்லாமல் படியேறி வந்தார்கள். வானதிக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும் உட்கார்ந்ததும் ஹஃப்ஸா என்ற சின்னப் பெண் எட்டாவது நாற்காலிக்கு மரியாதையாக ஸலாம் சொன்னாள்.

டீ வந்தது. "அவங்களுக்கு மொதல்ல குடுங்க" என்றாள் ஜஸீலா. காலி நாற்காலியில் ஒரு டம்ளர் வைக்கப்பட்டது.

"அ... அங்க யாரு?"

"ஒங்களுக்குத் தெரியாததா டீச்சர்?" என்றாள் அவர்களில் மூத்தவளும், அக்கா முறையில் எல்லோருக்கும் 'லாத்தா'வுமான ஹலீமா. ஏழு பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.

வானதி டம்ளரை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியைத் தூக்கி வாசலுக்கு வெளியே போட்டாள். ஏழு தலையும் வாசல் பக்கம் திரும்பின.

"பாவம், ஏன் வெளிய அனுப்பிட்டீங்க?"

திரும்ப இழுத்து வந்தாள். எல்லோரும் நகர்ந்து வழி விட்டார்கள். வேறு வழியில்லாமல் தானே அதில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஐயோ டீச்சர், அவங்க மடியிலயே உக்காந்துட்டீங்களே!" என்று ஹஃப்ஸா அலறினாள்.

அவ்வளவுதான். வானதி ஒரே தாவலில் ஹலீமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்குக்கா! பகல்லயும் பயம், ராத்திரியும் பயம். அவரு ஷார்ஜா போயி ரெண்டு வருசமாச்சு. அஞ்சு மாசமா ஒரு லெட்டர் இல்ல, ஒரு போன் இல்ல. இருக்காரா இல்லையான்னே தெரியல. யார்கிட்டயும் சொல்லலக்கா..." தேம்பித் தேம்பி அழுதாள்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஹலீமா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். "எனக்கும் மூணு வருசம் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். அப்புறம் ஜஸீலா பேசினாள். ஹஃப்ஸா மூக்கைச் சிந்திக்கொண்டு பேசினாள். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

"அடுத்த வியாழனும் வர்றோம் டீச்சர்."

அவர்கள் இறங்கிப் போனதும், டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த சைத்தூன் பீவியை வானதி கட்டிப் பிடித்துக்கொண்டாள். "குழு அமைஞ்சிருச்சு! ஏழு பேரையும் எப்படி சம்மதிக்க வெச்சீங்க?"

"நான் எங்கம்மா சம்மதிக்க வெச்சேன்? சாம்பிராணி போட்டுப் பாத்தோம், ஓதின தண்ணி தெளிச்சுப் பாத்தோம், நாற்காலியத் திருப்பி வெச்சும் பாத்தோம், ஒண்ணும் கேக்கல; யாருமில்லாத எடத்தப் பாத்துப் பேசுற புள்ளையத் தனியா விடக் கூடாது, அது போக்குலயே போயி மனசுல இருக்கறதப் பேச வைக்கணும்னு ஒங்களுக்காகத்தான் ஹலீமா லாத்தா குழுவே போட்டாங்க."