டெல்பர்ட்டின் ஜூலை மாதச் சொறி

கரக், கரக், கரக். மக்காச்சோளச் சக்கையால் தோலைச் சொறியும் சத்தம். வீட்டுத் தாழ்வாரத்தில் அண்ணன் கார்லிஸ் படுத்துக்கொண்டு சொறிந்தது, கீழே வைக்கோல் வயலில் வெயிலில் நின்ற டெல்பர்ட்டின் காதுவரை வந்தது. அப்போது அவனுக்கு எட்டு வயது. பருந்துக் கூட்டைப் பார்க்க இருவரும் ஒரே மரத்தில்தான் ஏறினார்கள். மரத்தைச் சுற்றியிருந்த விஷக்கொடியை இருவருமே கட்டிப்பிடித்தார்கள். கார்லிஸ் புளித்த மாவுபோல உப்பிப்போனான். டெல்பர்ட்டுக்கு ஒரு கொசுக்கடி அளவுகூட ஒன்றும் வரவில்லை. அம்மா பெரியவன் நெற்றியில் ஈரத்துணி போட்டு, கிண்ணத்தில் இனிப்பு கொடுத்தாள். சின்னவன் கையில் பெரியவனின் வைக்கோல் வாரியையும் சேர்த்துக் கொடுத்தாள்.

அடுத்த ஜூலையில் அந்தச் சத்தத்தை எழுப்ப டெல்பர்ட் தானே கற்றுக்கொண்டான்.

மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலை இடுக்கில் பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: இலை மூணு, எட்டி நில்லு. மூன்று மூன்று இலையாக விடும் அந்தக் கொடி வேலியில் ஏறும், கிணற்றில் ஏறும், கல்லறையிலும் ஏறும். தொட்டால் கொப்புளம். தொட்ட நாயைத் தடவினாலும் கொப்புளம். எங்கோ சிலரை மட்டும் அது ஏனோ விட்டுவைக்கும். அந்தச் சிலரில் டெல்பர்ட் ஒருவன் என்பது டெல்பர்ட் ஒருவனுக்குத்தான் தெரியும். கட்டிக்கொண்ட ஓபலுக்கும் சொல்லவில்லை. முக்கியமாக ஓபலுக்குச் சொல்லவில்லை.

ஏற்பாடு சுலபமானது. ஜூன் முடியும்போது காஞ்சொறிச் செடியால் கையில் இரண்டு இழுப்பு. தடித்துச் சிவக்கும். அதை ஓபலிடம் காட்டிவிட்டு, மருந்துக் கடையில் விற்கும் ரோஜா நிறக் களிம்பைத் தலைமுதல் கால்வரை பூசிக்கொள்வான். களிம்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யார் சுரண்டிப் பார்ப்பது? பிறகு ஜூலை முழுக்கத் தாழ்வாரக் கட்டில், ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம், குளிர்ந்த தேநீர். வைக்கோல் வாருவது, பீன்ஸ் பறிப்பது, வேகவைத்துக் கண்ணாடி ஜாடிகளில் அடைப்பது எல்லாம் ஓபல்.

இதில் ஒரு கொடுமை உண்டு. நிஜமான சொறி ஓபலுக்குத்தான் வந்தது. துணி காயப்போடும் கயிற்றின் ஓரமே வேலி. வேலி முழுக்க அந்தக் கொடி. காற்றடித்தால் ஈரப் போர்வைகள் அதன்மேல் போய் விழும். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கொப்புளங்களோடு அவள் தன் கணவனின் தோலில் பூச ஓட்ஸ் அரைப்பாள்.

"இந்த வேலியை மட்டும் யாராச்சும் சுத்தம் பண்ணிக் குடுத்தா போதும், டெல்பர்ட். வேற எதுவும் கேக்கல."

"நான் பண்ண மாட்டேனா, ஓபல்? என் உடம்பு இருக்கிற இருப்புல நான் அதைப் பாத்தாலே வீங்கும்."

"பாக்காத மாதிரி திரும்பிப் படு."

திரும்பிப் படுத்தான். படுப்பதிலும் ஒரு களைப்பு இருந்தது. நோயாளிக்குச் சாப்பாடு இறங்கக் கூடாது; அவனுக்கு இறங்கியது. தூக்கம் வரக் கூடாது, வந்தது. அவள் காலடி கேட்டதும் விழித்துச் சொறிய வேண்டும். நடிப்பும் உழைப்புதான், கூலிதான் கிடையாது. சில மத்தியானங்களில், வைக்கோல் வாரப் போயிருந்தால் இதைவிட ஓய்வாக இருந்திருக்குமோ என்றுகூட அவனுக்குத் தோன்றியதுண்டு.

ஒரு வருஷம் ஓபல் வைத்தியத்தைக் கொஞ்சம் முடுக்கினாள். காலையில் தகரத் தொட்டியில் ஓட்ஸ் கஞ்சிக் குளியல். பத்து மணிக்கு வினிகர். அது காய்வதற்குள் சமையல் சோடாப் பசை. மத்தியானம் ஆறின காப்பியைத் தோலில் ஊற்றினாள். குடிக்கக் கேட்டதற்குக் கொடுக்கவில்லை. சாயந்தரம் பக்கத்துப் பண்ணை ஹெஸ்டர் அத்தை ஒரு குவளையோடு வந்தாள்.

"இது என்ன அத்தை, கரியா?"

"துப்பாக்கி மருந்து. மோர்ல குழைச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரருக்கு இதத்தான் பூசுவேன்."

"அவருக்குக் குணமாச்சா?"

"செத்துப்போனாரு. ஆனா சொறியால இல்ல."

ஓபல் அதையும் பூசினாள். "இனிமே பைப் பத்த வைக்காத, டெல்பர்ட். தாழ்வாரத்துக் கூரை புதுசு."

புகையிலையும் போயிற்று. மறுநாள் தொட்டியில் உட்காரவைத்து முதுகு தேய்த்தபோது களிம்பு, வினிகர், வெடிமருந்து எல்லாம் கரைந்து ஓடின. ஓபலின் கை நின்றது.

"முதுகு பச்சைப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி இருக்கே."

"உள்ளுக்குள்ள இருக்கு, ஓபல். வெளியில தெரியல."

"ஆமா," என்றாள். "பல விஷயம் அப்படித்தான்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகர் டில்லார்ட் நோயாளியைப் பார்க்க வந்தார். ரேடியோவில் ஆட்டம் நெருக்கடியான கட்டத்தில் இருந்தது. டெல்பர்ட் சத்தத்தைக் குறைத்து முனகலைக் கூட்டினான்.

போதகருக்குத் தன் கவலை. ஆகஸ்டில் ஊர் திரும்பும் ஞாயிறு வருகிறது. வெளியூர்களில் வேலைக்குப் போனவர்களெல்லாம் வந்து, அவரவர் பெரியவர்களின் கல்லறை அருகே துணி விரித்துச் சாப்பிடும் நாள். கல்லறைத் தோட்டமோ முழங்கால் உயரம் விஷக்கொடி.

"ஒருத்தரும் கிட்டப் போக மாட்டேங்கிறாங்க, டெல்பர்ட். போன வருஷம் போனவர் கண்ணு திறக்காம கிடந்தாரு."

பிறர் கஷ்டத்தில் டெல்பர்ட்டுக்கு மனம் இளகும். செலவில்லாத இரக்கம் அவனிடம் நிறைய இருந்தது.

"எனக்கு மட்டும் இந்தச் சாபம் இல்லேன்னா, போதகரையா, ஒத்த ஆளா நின்னு அத்தனையும் பிடுங்கிப் போட்டுருவேன். இந்த வேலியையும் சேத்து."

"உங்க மனசு கர்த்தருக்குத் தெரியும்," என்றார் போதகர்.

ஓபல் பச்சைப் பசேலென்று ஒரு விழுதோடு வந்தாள். ஓடைக்கரையில் முளைக்கும் காட்டுக் காசித்தும்பை, சொறிக்கு அதைப்போல வருமா என்றாள். கழுத்து, முதுகு, வயிறு எல்லாம் அப்பினாள். குளுகுளுவென்றிருந்தது. மிச்ச இலையைக் கொட்டப் போனவள் வாளியைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

"என்னடி?"

"டெல்பர்ட்." வாளியைக் கீழே வைத்தாள். "ஓடைக்கரையில ரெண்டும் ஒண்ணா மண்டிக் கெடந்துச்சு. நான் கண்ணாடி போடாமப் பறிச்சேன்."

வாளியைச் சாய்த்துக் காட்டினாள். வாடிய இலைகள். மூன்று, மூன்று, மூன்று.

போதகர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"உன்னைக் கொன்னுட்டேன்," என்றாள் ஓபல். கட்டிலின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, கொப்புளம் வந்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. "ஏற்கெனவே வெந்து கெடக்கிற உடம்பு. அதுமேலயே அரைச்சுப் பூசிட்டேனே. காலையில உன் மூஞ்சியே அடையாளம் தெரியாது. போதகரையா, ஜெபம் பண்ணுங்க."

போதகர் கண்ணை மூடினார். ரேடியோவில் ஜனங்கள் கத்தினார்கள். டெல்பர்ட் அதைக் கேட்கவில்லை. கலியாணமான நாளிலிருந்து ஓபல் அழுது அவன் பார்த்ததில்லை. வெயிலிலும் அழாதவள், அடுப்பிலும் அழாதவள், அவனுக்காக அழுகிறாள். நெஞ்சுக்குள் ஏதோ நெகிழ்ந்தது. அவள் தலையில் கை வைத்தான்.

"அழாத ஓபல். அது என்னை ஒண்ணும் செய்யாது."

"பொய் சொல்லாத."

"சத்தியமாடி. சின்னப் பிள்ளையிலேருந்தே அது என்மேல பிடிக்காது. அந்தக் கொடியைத் தின்னாக்கூட எனக்கு ஒண்ணும் ஆகாது."

குலுங்கிய தோள் நின்றது. அவள் கையை எடுத்தபோது முகம் காய்ந்துதான் இருந்தது.

"கேட்டீங்களா, போதகரையா?"

"கேட்டேன்," என்றார் போதகர், கண்ணைத் திறக்காமலே.

டெல்பர்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "போதகரையா, நீங்களுமா பொய்…"

"நான் ஒரு வார்த்தை பேசல, தம்பி. ஜெபம்தான் பண்ணேன்."

"அப்போ அந்த இலை?"

"பீன்ஸ் இலை," என்றாள் ஓபல், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி. "அதுவும் மூணு மூணாத்தான் விடும். ஒரு ஜூலையாவது தோட்டத்துல வந்து பறிச்சிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவள் குரலில் வெற்றி எதுவும் இல்லை. அலுப்புத்தான் இருந்தது.

"ஒத்த ஆளான்னு சொன்னீங்க," என்றார் போதகர், தொப்பியை எடுத்துக்கொண்டு. "திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கல்லறைத் தோட்டத்து வாசல் திறந்திருக்கும்."

முதலில் வேலி போயிற்று. பிறகு கல்லறைத் தோட்டம். பிறகு ஹெஸ்டர் அத்தையின் கிணற்றடி. விஷக்கொடி எதுவும் செய்யாத மனிதன் ஒருவன் இருக்கிறான் என்ற செய்தி அந்தக் கொடியைவிட வேகமாகப் படர்ந்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். வீட்டில் ஓபலின் கைகள் ஆறின. ஜூலை மத்தியானங்களில் அவள் தாழ்வாரக் கட்டிலில் படுத்துக்கொண்டாள். பேஸ்பால் பிடிக்காததால் ரேடியோவை அணைத்துவிடுவாள்.

டெல்பர்ட் வயதாகி, ஒரு ஜூலைக் காலையில், ஆலயத்தின் பின்புறம் கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்தபடியே செத்துப்போனான். தூக்க வந்தவர்கள் பார்த்துவிட்டு, கையுறை எடுத்துவர வீட்டுக்குப் போனார்கள்.