செல்லையா அண்ணைக்கு நான் போட்ட கோட்

இறந்துபோன ஒருவருடைய முகத்தை நான் திருத்தினேன். குற்றத்தை முதலில் பதிந்து, விளக்கத்தைப் பிறகு எழுதுவதுதான் முறை. அரச அலுவலகமொன்றில் முப்பத்திரண்டு வருடம் மற்றவர்களை அப்படித்தான் எழுதவைத்தேன்.

ஓய்வு பெற்றதும் மகள் ஒரு கமராவும் மடிக்கணினியும் வாங்கித் தந்தாள். முதல் மாதம் குளக்கட்டில் கொக்குகளைப் படமெடுத்தேன். கொக்குகள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே, எடுத்த படங்களைத் திருத்துவதில் இறங்கினேன். மின்கம்பிகளை அகற்றினேன், வெளிறிய வானத்தை நீலமாக்கினேன், மனைவிக்குப் பத்து வயதைக் குறைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். (“ஆர் இவள்?” என்று கேட்டா. அது முதல் எச்சரிக்கை. நான் கணக்கில் எடுக்கவில்லை.)

அந்த நேரத்தில்தான் பக்கத்துக் காணிச் செல்லையா அண்ணை காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குப் பெரிய படம் வேண்டும். அன்றைக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தின் அட்டைக்கும் வேண்டும். அவர்களுடைய அல்பங்கள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. எங்கே போயின என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை.

மிஞ்சியது ஒரே படம். பூநகரியில் ஒரு கல்யாணப் பந்தியில் கமராக்காரர் எடுத்தது. அவருடைய மனைவி மனோன்மணி அக்கா அதை ஒரு பென்டிரைவில் கொண்டுவந்து என் கையில் தந்தா.

“இது ஒண்டுதான் தம்பி இருக்கு. பாத்துச் செய்யுங்கோ.”

பார்த்தேன். அண்ணை வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. சட்டையில் இரண்டு பொத்தான் திறந்திருந்தது. மீசையில் ஒரு சோறு. உத்தியோகபூர்வப் படத்துக்குரிய ஒரு தகைமையும் அதற்கில்லை.

முதலில் சோற்றை எடுத்தேன். பிறகு வாயை மூடினேன். அதற்கு மட்டும் மூன்று நாள் சென்றது. வாயை மூடினாலும் கண்கள் தம்பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தன. ஆகவே கண்களையும் திருத்தினேன். தலைமயிரைக் கறுப்பாக்கினேன். கடைசியில் கழுத்துக்குக் கீழே ஒன்றும் சரிவராமல், என்னுடைய பிரியாவிடைப் படத்திலிருந்து கோட், கழுத்துப்பட்டி, தோள்கள் எல்லாவற்றையும் வெட்டி அவருக்குப் பொருத்தினேன். காலமெல்லாம் வயல் வரம்பில் நின்ற மனிதர் ஒரு கல்விப் பணிப்பாளர் போல ஆகிவிட்டார். எனக்கு மிகுந்த திருப்தி. அதே பெயரில், அதே இடத்தில் சேமித்தேன்.

அந்தியேட்டி அன்று படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, முன்னால் வாழையிலையில் அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தார்கள். பூநகரியிலிருந்து வந்த உறவினர் ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றினார், படத்தைப் பார்த்தார், திரும்பவும் செருப்பைப் போட்டார்.

“குறை நினையாதேங்கோ, வீடு மாறி வந்திட்டன்.”

அவரைப் பிடித்து உள்ளே இருத்தினோம். அதற்குள் என் மனைவி காதுக்குள் சொன்னா:

“இஞ்சருங்கோ, அந்தக் கோட்டின்ரை ரெண்டாம் பொத்தான் நான் தைச்சது. கறுப்பு நூல் முடிஞ்சு நீல நூலிலை தைச்சனான்.”

மனோன்மணி அக்கா படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றா. பிறகு என்னிடம் வந்தா. கோபமில்லை, கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

“நல்ல வடிவாத்தான் இருக்கிறார் தம்பி. ஆனா நான் இவரோட சீவிக்கேல்லை. அந்தச் சிரிச்ச படத்தைத் தாங்கோ.”

வீட்டுக்கு ஓடிப்போய்ப் பென்டிரைவைத் திறந்தேன். உள்ளே கோட் போட்டவர்தான் இருந்தார். ‘பிரதி எங்கே?’ என்று கேட்டே எத்தனையோ எழுதுவினைஞர்களை அழவைத்தவன் நான். என்னிடம் பிரதி இல்லை.

மறுநாள் காலை பஸ் ஏறிப் பூநகரி போனேன். கமராக்காரர் தலையைச் சொறிந்தார்.

“அல்பம் குடுத்தாப் பிறகு நாங்கள் அழிச்சுப்போடுவம் ஐயா. நீங்கள் ஒரு பிரதி எடுத்து வைக்கேல்லையோ?”

கல்யாண வீட்டைத் தேடி வெயிலில் நடந்தேன். அவர்கள் தேநீர் தந்து அல்பத்தை எடுத்து வைத்தார்கள். மாப்பிள்ளை, பொம்பிளை, மாப்பிள்ளையின் தாய்மாமன், மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள். கடைசிக்கு முதல் பக்கத்தின் மூலையில், தீப்பெட்டி அளவில், செல்லையா அண்ணை வாயைப் பிளந்து சிரித்தார். முப்பத்திரண்டு வருட உத்தியோகத்திலும் ஒருவரையும் கண்டு நான் அவ்வளவு ஆறுதல் அடைந்ததில்லை.

நேராகப் பிடித்துப் பத்துத் தரம் படமெடுத்தேன். எதையும் திருத்தவில்லை. பெரிதாக்கியபோது சற்று மங்கியது. அதையும் விட்டுவிட்டேன்.

பழைய சட்டத்துக்குள் அந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்தபோது, அக்கா சேலைத் தலைப்பால் கண்ணாடியில் ஓரிடத்தைத் துடைத்தா. திரும்பவும் துடைத்தா. மீசையிலிருந்த சோறு.

“அதை மட்டும் எடுத்துவிடட்டோ அக்கா?”

“வேண்டாம். நான் அண்டைக்கும் சொன்னனான், அவர் கேக்கேல்லை. இருக்கட்டும்.”

சில மாதம் கழித்து வவுனியாவில் என் சகோதரி மகனின் கல்யாணம். அலுமாரியைத் திறந்து கோட்டில் கை வைத்தேன். பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“விடுங்கோ அதை! மாலை போட்டு, விளக்குக் கொளுத்தி, சோறும் படைச்சாச்சு. அந்தியேட்டி முடிஞ்ச கோட்டைப் போட்டுக்கொண்டு நல்ல காரியத்துக்குப் போறதே?”

விதிமுறைப்படி பார்த்தால் அவா சொன்னது சரி. அன்றிலிருந்து கல்யாணங்களுக்கு வெறும் சேட்டோடுதான் போகிறேன். யாராவது “எங்கை ஐயா கோட்?” என்று கேட்டால், மகள் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு முந்திக்கொள்வாள்:

“அது செல்லையா மாமாவோட போயிட்டுது.”