திரும்பும் வழிக்கு ஒரு பெயர்

என் பேச்சு வீட்டில் எடுபட்டதே இல்லை. அச்சிலாவது ஏறட்டும் என்று 1998-ஆம் வருஷத் தவக்காலத்தில் தீர்மானித்தேன்.

தேனாம்பேட்டையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை எனக்கு. அதனால் எங்கள் பங்குக் கோயிலின் குடும்பக் கையேட்டைக் கம்ப்யூட்டரில் தயாரித்துத் தரச் சொன்னார் ஃபாதர். ஒவ்வொரு ஆளையும் அவருடைய 'குடும்பத் தலைவர்' பெயரோடு இணைத்தேன். இந்த இணைப்பில் ஒரு சங்கடம். போகிற வழிக்குப் பெயர் வைத்தால் திரும்புகிற வழிக்கும் வைக்கவேண்டும். ஆளிலிருந்து பார்த்தால் 'தலைவர்'. தலைவரிலிருந்து பார்த்தால்?

'உறுப்பினர்கள்' என்று வைத்திருக்கலாம். 'கீழ்ப்படிபவர்கள்' என்று வைத்தேன்.

விவரங்களை டைப் அடித்தவள் என் மனைவி ஐவி. பள்ளிக்கூட டீச்சர், தட்டச்சில் ஹையர் பாஸ். அந்தச் சொல் திரையில் வந்ததும் அவள் கை நின்றது.

"இது யாருங்க வச்ச பேரு?"

"புரோகிராம் கேக்குது ஐவி. திரும்புற வழிக்கும் பேர் வேணும்."

"எல்லா வீட்டுக்கும் இதேதானா?"

"ஒரு இடத்துல வச்சா எல்லா வீட்டுக்கும் அதான்."

"மாத்த முடியாதா?"

ஒரே வரியில் மாற்றிவிடலாம். முடியாது என்றேன்.

சண்டை வரும் என்று காத்திருந்தேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் 'சரிங்க'. அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாக உள்ளே போயிற்று.

ஈஸ்டர் பூசை முடிந்ததும் கையேடு கொடுத்தார்கள். வாசலிலேயே எதிர்வீட்டு ஆண்ட்ரூ என் சட்டையைப் பிடித்தான். அவன் பக்கத்தைக் காட்டினான். குடும்பத் தலைவர்: ஜூலியட். கீழ்ப்படிபவர்கள்: ஆண்ட்ரூ. என் பக்கத்தைப் புரட்டினேன். குடும்பத் தலைவர்: ஐவி. அதற்குக் கீழே நானும் என் இரண்டு பிள்ளைகளும். பங்கில் இருந்த முந்நூறு வீட்டிலும் ஆட்சி மாறியிருந்தது. மாதர் சங்கத்தில் ஒவ்வொருத்தியையும் கேட்டுத்தான் ஐவி போட்டாளாம். பெயரை நான் வைத்தேன். ஆளை அவள் வைத்தாள்.

ஆண்கள் எல்லாரும் என்னை முன்னால் தள்ளிக்கொண்டு ஃபாதரிடம் போனார்கள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தாராளமா திருத்தலாம் லியோனார்ட். குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் குடுத்துடுங்க."

அங்கேயே லெட்டர் எழுதினேன். ஐவியிடம் பேனாவை நீட்டினேன்.

"நல்லா எழுதுமா?" என்று கேட்டு வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.