ஒன்பதாங்கட்டைத் தோட்டத்துக் குழாய்

1924-ஆம் வருஷம் மலாயாவின் ஈப்போ நகரில் சத்தியம் வாரத்துக்கு இரண்டு தடவை வெளிவந்தது; புதன்கிழமை ஒரு தடவை, சனிக்கிழமை ஒரு தடவை. அந்தப் பத்திரிகையின் பெயர் ‘பேராக் பேரிகை’. அதன் விசேஷ நிருபர் அடியேன்தான். சம்பளம் கிடையாது. ஆனால் நான் காப்பிக் கடைக்குள் நுழைந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அதற்கு மேல் மனுஷனுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்!

அந்த வருஷம் ரப்பர்த் தோட்டத் துரைமார்களை ஒரு புது மோகம் பிடித்து ஆட்டியது. முந்தின வருஷம் டென்னிஸ். இந்த வருஷம் சுகாதாரம். எவர் தோட்டத்தில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறதோ, அவருக்குத்தான் கிளப்பில் நாற்காலி. ஈப்போவிலிருந்து ஒன்பதாவது மைலில், அதாவது ஒன்பதாங்கட்டையில், இருந்த தோட்டத்துத் துரைக்கு மானம் போயிற்று. உடனே குழாய் போட உத்தரவிட்டார். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி அப்பாவு ராத்தூக்கம் விட்டு ஒரு பெரிய காகிதத்தில் குழாயை வரைந்து முடித்தார். அவர் கையெழுத்தே அழகு. குழாய் அதைவிட அழகு.

தொழிலாளர் இலாகா அதிகாரி மேற்பார்வைக்கு வந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகிற வழியில் அட்டை கடிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆகவே பங்களாவில் தேநீர் குடித்தபடியே காகிதத்தில் குழாயைப் பரிசோதித்து, பரம திருப்தி அடைந்து, திரும்பிப் போனார்.

மறுநாள் அப்பாவு ஈப்போ வந்து, குழாயைப் பற்றி எழுதச் சொல்லி எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

“நேர்ல வந்து ஒரு பார்வை பார்த்துட்டு எழுதுறீங்களா?” என்றார், பாவம், கொஞ்சம் பயந்தபடி.

“அப்பாவு, வைசிராயைப் பற்றி வாராவாரம் எழுதுகிறேன். அவரை நான் நேரில் பார்த்தேனா?”

நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். நான் எழுதினேன்: “லயத்து வாசலிலேயே ஸ்படிகம் போன்ற ஜலம் பாய்வதைக் கண்ட தொழிலாளப் பெண்டிர் ஆனந்தக் கண்ணீர் உகுத்தனர்.” அந்தக் கண்ணீர் மட்டும் என் சொந்தச் சரக்கு.

சனிக்கிழமை பேரிகை வந்ததும் காப்பிக் கடையில் தேசிய அரசியல் சூடு பிடித்தது. சர்க்கார் கட்சிக்காரர், “குழாயைப் பாரும்! சாம்ராஜ்யத்தின் கருணை பாரும்!” என்று மேஜையைத் தட்டினார். சுயராஜ்யக் கட்சிக்காரர், “அது அடிமைத் தண்ணீர்! என் வாயில் ஒரு சொட்டு விழாது!” என்று சபதம் போட்டார். அவர் அன்று சொன்னதில் அது ஒன்று மட்டும் சத்தியம்.

மறுநாள் ஞாயிறு. தினம் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், ஞாயிற்றுக்கிழமை அப்பாவு பேப்பர் வாசிப்பதும், தோட்டமே உட்கார்ந்து கேட்பதும் வழக்கம். அவர்களுக்கு அச்சில் வந்தது என்றால் வந்ததுதான். குழாய்ச் செய்தி வாசித்ததும் பால்மரம் வெட்டும் பத்துமலை மீசையை முறுக்கிக்கொண்டு தஞ்சோங் ரம்புத்தானுக்கே நடந்து போய்த் தன் மச்சானிடம் பீற்றிவிட்டு வந்தான். “எங்க தோட்டத்துல பைப்பு இருக்குலா! ஒங்க தோட்டத்துல என்ன இருக்கு?”

லயத்தில் குடியிருந்த கருப்பம்மாள் மட்டும் வாளியை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி மூன்று தடவை தேடினாள். திங்கட்கிழமை ஆபீஸ் படியேறினாள்.

“கிராணியய்யா, பைப்பு எங்கய்யா இருக்கு?”

“பேப்பர்ல வாசிச்சேன்ல? லயத்து வாசல்ல.”

“வாசல்ல காணோமே.”

“பேப்பர்ல இருக்கு, வாசல்ல இல்லைன்னா தப்பு யார் மேல? வாசல் மேல. போம்மா, வேலையைப் பாரு.”

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. இலாகா அதிகாரியும் பேரிகை வாசிக்கிறவர். மொழிபெயர்ப்பை வாங்கிப் படித்துப் பூரித்துப்போய் ஒரு கடிதம் போட்டார்: “குழாய் ஸ்தாபிதமாகி, பெண்டிர் கண்ணீரும் உகுத்துவிட்டபடியால், சுகாதாரத்துக்குக் கேடான பழைய கிணற்றை உடனே மூடிவிட வேண்டியது.” தோட்டத்தில் இருந்தது அந்த ஒரு கிணறுதான். மறுநாள் அதன் மேல் பலகை அடித்து ஆணி இறக்கினார்கள்.

கூடவே இன்னொரு உத்தரவு: குழாய் சர்க்கார் கவனத்துக்கு வந்த பொருள், சேதமாகக் கூடாது. ஆகவே தோட்டத்து ஆள் சின்னையா பைப்பு மண்டோராக, அதாவது குழாய்க் கண்காணியாக, நியமனம் பெற்றான். குழாய் வரவேண்டிய இடத்தில் முக்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்தான். “டேய், பைப்பு மேல ஏறாதீங்கடா!” என்று பிள்ளைகளை விரட்டினான். முதல் இரண்டு நாள் கூச்சமாகத்தான் இருந்ததாம். பிறகு பழகிவிட்டது.

பெண்கள் இரண்டு கட்டை தூரம் நடந்து ஆற்றுத் தண்ணீர் எடுத்தார்கள். ஈய மண் அலசும் ஆலைகள் கழுவிவிட்ட செம்மண் தண்ணீர். பெரட்டுக்குப் பிந்தினால் அன்று வேலை இல்லை. கருப்பம்மாள் ஒரு வாரத்தில் மூன்று நாள் பிந்தினாள்.

கிணற்றை மூடிய மறு வாரத்து ஞாயிறு, ஒன்பது கட்டையும் நடந்து காப்பிக் கடை வாசலில் வந்து நின்றாள்.

“பைப்பு இருக்குன்னு எழுதினது நீங்கதானய்யா?”

“ஆமாம்,” என்றேன் பெருமையாக. நாலு பேர் பார்த்தார்கள்.

“அப்ப இல்லைன்னும் நீங்களே எழுதுங்க. நாங்க சொன்னா யாரும் நம்ப மாட்றாங்க. எம் மக பாப்பாவுக்கு ஆத்துத் தண்ணி ஒத்துக்கலை. அஞ்சு நாளா வயித்தால போகுது. கெணத்தத் தொறந்துவிட்டாப் போதும்யா, பைப்பெல்லாம் வேணாம்.”

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவள் கால் கண்ணில் பட்டது. புழுதியில் முழங்கால் வரை சிவந்திருந்தது. வெட்கமாகப் போய்விட்டது, சும்மா சொல்லக் கூடாது. அன்றைக்கே உள்ளது உள்ளபடி எழுதிக்கொண்டு ஆசிரியர் சதாசிவத்திடம் ஓடினேன்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, பேரிகை சொன்னதைப் பேரிகையே மறுப்பதா? நாளைக்குச் சுயராஜ்யம் பற்றி நாம் எழுதினால் எவன் நம்புவான்?”

“அண்ணே, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை.”

“போடமாட்டேன் என்று சொன்னேனா? முதல் பக்கம் தேச விவகாரத்துக்கு. இரண்டாம் பக்கம் ரப்பர் விலைக்கு. நாலாம் பக்கத்தில், கமுந்திங்கில் பிறந்த ஐந்து கால் கன்றுக்குட்டிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது. அங்கே வைக்கிறேன். இடத்துக்குத் தக்கபடி வெட்டிக்கொள்கிறேன்.”

வெட்டினார். அதற்கடுத்த ஞாயிறு, எழுத்தின் பலன் எப்படி என்று பார்க்க முதல் தடவையாகத் தோட்டத்துக்கே போனேன். பெரட்டுக் களத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள். அப்பாவு கனைத்துக்கொண்டு வாசித்தார்:

“விநோதம்! பேராக்கில் ஒரு தோட்டத்தில், வாசலில் குழாய் இருக்க, இரண்டு கட்டை நடந்து ஆற்று நீர் சுமக்கும் அதிசயப் பெண்கள் வசிக்கிறார்களாம்!”

களம் குலுங்கியது. பத்துமலை தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “எந்தத் தோட்டத்துக் கிறுக்குங்கய்யா அது? சித்தியவான் பக்கமா இருக்கும்லா!” பலகை அடித்த கிணற்றின் மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சின்னையாவுக்குக் குடை நழுவியது. எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் எப்படிச் சும்மா இருப்பேன்? சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

“யாராவது கொஞ்சம் தண்ணி கொடுங்க,” என்றேன்.

சிரிப்பு நின்றது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் கருப்பம்மாள் ஆற்றிலிருந்து வாளியோடு வந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள், வாளியை இறக்கவில்லை.

“இது புள்ளைக்குங்கய்யா,” என்றாள். “நீங்க ஒங்க பைப்புல புடிச்சுக் குடிங்க.”

ஒன்பது கட்டையும் விக்கிக்கொண்டே ஈப்போ வந்து சேர்ந்தேன்.