வெயில் ஏற்றிய கண்டக்டர்

கொடைக்கானலில் வெயிலைக் கூப்பிட்டு வீட்டுக்குள் உட்கார வைத்தவர் ஒரே ஒருவர்தான்: எங்கள் தெரு கண்டக்டர். அவருடைய பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

வத்தலக்குண்டு பஸ்ஸில் காலமெல்லாம் விசில் ஊதிவிட்டு, இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஓய்வு பெற்று எங்கள் தெருவுக்கு வந்தார். மனைவியும் கூடவே வந்தார். மார்கழிக் குளிரில் மாவு பொங்கவில்லை. இட்லி கூழாங்கல்லாக வந்தது. "மாவு பொங்குற வீடு கட்டிட்டுச் சொல்லுங்க, வாறேன்" என்று அந்தம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வத்தலக்குண்டுக்கே போய்விட்டார்.

கண்டக்டர் உடனே இடம் வாங்கினார். விறகு, கரண்டு எதுவும் எரிக்காமல் வீட்டைச் சூடாக்குவதாகச் சபதம். "வெயிலுக்கு எவன்யா டிக்கெட் கேக்கப் போறான்?" என்றார்.

தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்குக் காயலான் கடையிலிருந்து பழைய பஸ் ஜன்னல்களை ஷட்டரோடு வாங்கிப் பதித்தார். எதிரே, பகல் சூட்டை வாங்கி வைத்து இரவில் விடுவதற்கு ஒரு முழக் கனத்தில் மண்சுவர். கூரையில் விளக்குக்குச் சோலார் தகடு. முடித்தபோது, டெப்போவிலிருந்து ஓடிவந்த பஸ் மாதிரியே இருந்தது வீடு. சுற்றுலா வந்த ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு உள்ளே ஏறி உட்கார்ந்து, "எப்பங்க எடுப்பீங்க?" என்று கேட்டது. அவர் கோபப்படவில்லை. டீ கொடுத்து, மண்சுவரைத் தொட்டுப் பார்க்கவைத்துத்தான் அனுப்பினார்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வெயிலிடம், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்பார். மேகம் இறங்கினால் கூரையேறி விசில் ஊதி, "ரைட், ரைட்!" என்று கத்துவார். மேகம் அசைந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் வீடு நிஜமாகவே சூடானது. மனைவியை வரச் சொன்னார். பாருங்கள், அந்தச் சமயம் பார்த்து மேகம் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தது. மண்சுவர் சில்லிட்டது. முந்தின நாள் ஆட்டிவைத்த மாவு அப்படியே கிடந்தது. காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஏலே தம்பி, மாவு செத்துக் கெடக்கு. மத்தியான பஸ்ஸுல அவ வந்துருவா. இந்தத் தடவ திரும்பிப் போனா இனி வரவே மாட்டா. எல்லாரையும் வெரசாக் கூட்டியாந்து ஏத்து!"

"எதுலண்ணே?"

"வீட்டுலதான்! மனுசச் சூடும் சூடுதானய்யா!"

தெருவே ஏறியது. டீக்கடைக்காரர் கொதிக்கிற பாய்லரோடு வந்தார். "முன்னாடி தள்ளுங்க, நடுவுல எடம் கெடக்கு" என்று அடுக்கி, ஷட்டரை இறக்கினார் கண்டக்டர். நடுவில் ஸ்டூல் மேல் மாவுச் சட்டி. அதை ஒட்டி உட்கார்ந்த என் மடியில் கோழிக்கூடை. கோழிக்கும் சூடு உண்டாம். மூச்சு விடுவதைத் தவிர எங்களுக்கு வேறு சோலி இல்லை. கண்ணாடியெல்லாம் வியர்த்துவிட்டது.

மத்தியானம் கதவு திறந்தது. பையோடு அவர் மனைவி. சட்டியின் மூடி மெதுவாக எழும்பி, மாவு என் வேட்டியில் வழிந்தது.

அந்தம்மா கூட்டத்தைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். "இத்தன பேரு அடைஞ்சு கெடந்தா கல்லும் பொங்கும். வெயிலு எங்கங்க?"

"நாளைக்கு வந்துரும்" என்றார் கண்டக்டர். "வரலன்னா... இவுங்க வருவாங்க."

அந்தம்மா சிரித்துவிட்டார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "இட்லித் தட்டு எங்க இருக்கு?" என்றார்.

எல்லோரும் சாப்பிட்டோம். கண்டக்டர் மட்டும் தட்டைத் தொடாமல் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறுமனே மூச்சு விட்டு நான் ஒருவருக்கு உதவியிருக்கிறேன் என்றால், அது அந்த நல்ல மனிதருக்குத்தான். இன்னொரு நாள் கூப்பிட்டிருந்தாலும் முதல் ஆளாக ஏறியிருப்பேன்.